பெட்டி காரில், நான் தோட்டத்தில்: எண்டெபியில் ஒரு வெள்ளிக்கிழமை

உகாண்டாவுக்கு வேலையாகப் போகிற எல்லோருக்கும் தோன்றுகிற யோசனைதான் எனக்கும் தோன்றியது. வேலை கம்பாலாவில். விமானம் ஏறுவதோ எண்டெபியில், தலைநகரிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தள்ளி, விக்டோரியா ஏரிக்குள் மூக்கை நீட்டியிருக்கும் ஒரு தீபகற்பத்தில். அதே எண்டெபியில்தான் அனாதையான, பிடிபட்ட காட்டு விலங்குகளை வைத்துக் காப்பாற்றும் வனவிலங்குக் கல்வி மையம் இருக்கிறது. அதிலிருந்து நடந்து போகிற தூரத்தில் 1898-ல் தொடங்கிய தாவரவியல் தோட்டம். இரண்டுக்குமே ஏர்போர்ட் பக்கம். விமானம் இரவு எட்டரைக்கு என்றால், காலையிலேயே பெட்டியோடு கிளம்பி, இரண்டையும் பார்த்துவிட்டு, அப்படியே ஏர்போர்ட்டில் இறங்கிக்கொள்ளலாம். காகிதத்தில் எழுதிப் பார்த்தால் ஒரு ஓட்டையும் இல்லாத திட்டம். நான் ஆடிட் வேலையில் இருப்பவள், காகிதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பதே தொழில். அப்படியும் இது கண்ணில் படவில்லை.

வண்டி பிடிப்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் தொடங்கியது. கம்பாலாவில் ‘டாக்சி’ என்று சொன்னால் பதினான்கு பேரை அடைத்துக்கொண்டு போகும் வெள்ளை வேனைக் காட்டுவார்கள். நாம் நினைக்கிற டாக்சிக்கு அங்கே பெயர் ‘ஸ்பெஷல் ஹையர்’. தங்கியிருந்த இடத்து வாசலில் எப்போதும் நிற்கும் ஒரு ஸ்பெஷல் ஹையர்காரரிடம், நாள் முழுக்க, காத்திருப்பு உட்பட, கடைசியில் ஏர்போர்ட் என்று பேசி 1,80,000 ஷில்லிங்குக்கு முடித்தேன். நம் காசுக்கு நாலாயிரம் ரூபாய் சுமார். வாட்சப்பில் அவர் நம்பர் இருந்தது. சிரித்த முகம், சுத்தமான கார், என்னை ‘மேடம்’ என்றுகூடச் சொல்லாமல் ‘மை சிஸ்டர்’ என்றே கூப்பிட்டார். வேறென்ன வேண்டும் என்று இருந்தது.

பெரிய பெட்டி டிக்கியில். பாஸ்போர்ட், டாலர், போன், ஆபீஸ் லேப்டாப் என் தோள்பையில். மாத்திரைகள், பவர் பேங்க், ஊசி போட்ட காகிதங்கள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில், அந்த ஃபைல் பெட்டியில். ஊசி போட்ட காகிதங்கள் என்றால் முக்கியமாக மஞ்சள் காய்ச்சல் அட்டை. வந்து இறங்கியபோது ஏர்போர்ட்டில் கேட்டார்கள், காட்டினேன், வேலை முடிந்தது என்று உள்ளே வைத்துவிட்டேன். அந்த அட்டையின் வேலை அப்போது பாதிதான் முடிந்திருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பி எக்ஸ்பிரஸ்வே வழியாகப் போனோம். 2018-ல் திறந்த சாலை, 2022-லிருந்து சுங்கம் வசூலிக்கிறார்கள். அந்தச் சுங்கத்தை யார் கட்டுவது என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கண்டிப்பாக நீங்கள்தான். பழைய எண்டெபி ரோடு இலவசம், ஆனால் காலையிலும் மாலையிலும் அதில் நகர முடியாது. ஒரு மணி நேரத்துக்குள் எண்டெபி. கம்பாலாவின் தூசியும் ஹாரன் சத்தமும் சட்டென்று நின்றுபோய், பெரிய மரங்கள், அகலமான தெருக்கள், ஏரிக்காற்று. 1962-ல் விடுதலை கிடைக்கும் வரை ஆங்கிலேயர்கள் இங்கிருந்துதான் ஆட்சி நடத்தினார்கள். ஊரின் அமைப்பிலேயே அது தெரியும். கிட்டத்தட்ட நில நடுக்கோட்டின் மேலேயே இருக்கிற ஊர்தான், ஆனால் கடல் மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கு மேல் என்பதால் சென்னைக்காரர்களுக்கு வெயில் ஒரு பொருட்டே இல்லை.

விலங்கு மையத்தைப் பற்றி மனதாரச் சொல்கிறேன், பாருங்கள். மிருகக்காட்சிச் சாலை என்றாலே முகம் சுளிக்கிறவள் நான். வண்டலூர் அளவுக்குப் பெரிது என்று நினைத்துப் போகாதீர்கள், அதில் ஒரு மூலை அளவுதான் இருக்கும். ஆனால் 1952-ல் தாயை இழந்த குட்டிகளுக்கும் கடத்தலில் பிடிபட்ட விலங்குகளுக்கும் புகலிடமாகத்தான் இது தொடங்கியது. இன்றும் பல கூண்டுகளின் முன்னால் இருக்கும் பலகையில் அந்த விலங்கு எப்படி இங்கே வந்தது என்ற கதை இருக்கிறது. கம்பிக் கண்ணியில் கால் சிக்கியது, வீட்டில் சங்கிலி போட்டு வளர்த்தது, எல்லையில் பெட்டிக்குள் பிடிபட்டது என்று. சிம்பன்சிகளைச் சுற்றிலும் தண்ணீர் உள்ள ஒரு தீவுத் திட்டில் விட்டிருக்கிறார்கள். அவற்றுக்கு நீச்சல் வராது, அதனால் அகழியே வேலி. வெள்ளைக் காண்டாமிருகங்களும் உண்டு. உகாண்டாவின் காடுகளில் காண்டாமிருகம் 1980-களின் தொடக்கத்திலேயே வேட்டையில் அற்றுப்போனது. பிறகு 2005 வாக்கில்தான் நாட்டின் நடுவில் உள்ள சீவா என்ற இடத்தில் மறுபடி கொண்டுவந்து வளர்க்கத் தொடங்கினார்கள். அது தெரிந்தபின் அந்த இரண்டு டன் உடம்பு வைக்கோல் மெல்லுவதைப் பார்ப்பதே வேறு மாதிரி இருந்தது.

நான் போனது ஷூபில் பறவைக்காக. நாரை போல நெடுநெடுவென்று ஒரு பத்து வயதுப் பிள்ளை உயரம், சாம்பல் நிறம், முகத்தில் மரக்கட்டையில் செதுக்கிய மாதிரி ஒரு மாபெரும் அலகு. நிற்பது நாரை மாதிரி, ஆனால் மரபணு ஆய்வுப்படி கூழைக்கடாவுக்குத்தான் நெருங்கிய சொந்தம். சதுப்பில் மணிக்கணக்காக அசையாமல் நின்று நுரையீரல் மீனைப் பிடித்துத் தின்னும். அங்கிருந்த பராமரிப்பாளர், “தலை குனிந்து கும்பிடுங்கள், திரும்பக் கும்பிடும்” என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். சும்மா குனிந்தேன். அது என்னை ஒரு பக்கக் கண்ணால் ஏற இறங்கப் பார்த்தது. பிறகு அந்தக் கனத்த தலையை மெல்ல, மிக மெல்ல இறக்கி, இரண்டு பக்கமும் ஆட்டி, அலகைப் படபடவென்று அடித்தது. நெஞ்சுக்குள் கேட்கிற சத்தம். நான் மறுபடி குனிந்தேன், அதுவும் குனிந்தது. பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூட்டம் என்னைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருந்தது. பரவாயில்லை.

இங்கே இரண்டு விஷயம். காலை திறந்தவுடன் உள்ளே போய்விடுங்கள். பத்து மணிக்குமேல் பள்ளிப் பேருந்துகள் வரிசையாக வரும், பிறகு எந்த விலங்கும் முன்னால் வராது. அடுத்தது, சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள். வாசலுக்கு வெளியே வாங்கிய ரோலக்ஸ் என் கையில் இருந்தது (ரோலக்ஸ் என்றால் கைக்கடிகாரம் இல்லை, முட்டை ஆம்லெட்டைச் சப்பாத்திக்குள் வைத்துச் சுருட்டித் தருவார்கள், உகாண்டாவின் தேசிய டிபன்). கறுப்பு முகமுள்ள வெர்வெட் குரங்கு ஒன்று, கூண்டுக் குரங்கு இல்லை, சுதந்திரமாகத் திரிவது, பின்னாலிருந்து வந்து எடுத்துக்கொண்டு போய் என் கண் முன்னாலேயே மரத்தில் உட்கார்ந்து முட்டையை மட்டும் தின்றுவிட்டுச் சப்பாத்தியைக் கீழே போட்டது. கட்டணத்திலும் உள்ளூர்க்காரர், கிழக்கு ஆப்பிரிக்கர், அங்கே வேலை அனுமதியோடு வசிக்கும் வெளிநாட்டவர், சுற்றுலாப் பயணி என்று விலை வேறு வேறு. வேலை அனுமதி வைத்திருப்பவர்கள் மறக்காமல் அந்தக் காகிதத்தைக் காட்டுங்கள், நல்ல வித்தியாசம் இருக்கிறது.

பன்னிரண்டு மணிவாக்கில் தோட்டத்து வாசலுக்கு வந்தோம். அப்போதுதான் டிரைவர், “சிஸ்டர், நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கள், பெட்ரோல் போட்டுக்கொண்டு வருகிறேன், ஒரு லட்சம் கொடுங்கள்” என்றார். பெட்ரோல் காசை முன்பணமாகக் கேட்பது அங்கே வழக்கம்தான், முந்தைய நாட்களிலும் கொடுத்திருந்தேன். கொடுத்தேன். அவர் போனார். பெட்டியும் போனது.

தெரியாமலே தோட்டத்தை நிம்மதியாகப் பார்த்தேன் என்பதுதான் இதில் நடந்த ஒரே நல்லது. வாசலில் ஓர் இளைஞர் வழிகாட்டியாக வருகிறேன் என்றார், 30,000 ஷில்லிங். இங்கே வழிகாட்டி வேண்டுமா என்றால், வேண்டும். தோட்டத்தில் பலகைகள் குறைவு, தனியாகச் சுற்றினால் நூறு ஏக்கரில் அழகான மரங்களைப் பார்த்தோம் என்று திரும்பி வரவேண்டியதுதான். ஆனால் காசை உள்ளே போவதற்கு முன்பே பேசி, திரும்பி வந்த பிறகு கொடுங்கள். அலெக்ஸாண்டர் வைட் என்பவர்தான் இதன் முதல் பொறுப்பாளர். அழகுக்காக ஆரம்பித்த தோட்டம் இல்லை இது. ரப்பர், கோகோ, காபி என்று எந்தப் பணப்பயிர் இந்த மண்ணில் வரும் என்று காலனி அரசு சோதித்துப் பார்த்த இடம். கோகோக் காய் அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டு தொங்குவதை நான் முதல்முறையாக அங்கேதான் பார்த்தேன். ரோபஸ்டா காபி உகாண்டாவின் காடுகளிலேயே விளைவது என்றார் வழிகாட்டி. நாம் சிக்கரியோடு கலந்து குடிக்கிற அதே ரோபஸ்டா.

தோட்டத்தின் ஒரு பகுதி பழைய மழைக்காட்டின் மிச்சம். உள்ளே நுழைந்தால் பகல் இருட்டு. மரத்துக்கு மரம் சிலந்திகள் சேலைத்தலைப்பு அகலத்துக்கு வலை கட்டியிருக்கின்றன, முகத்தில் அப்பிக்கொள்ளும், தொப்பி அவசியம். மேலே கொலபஸ் குரங்குகள். உடம்பு கறுப்பு, தோளிலிருந்து வெள்ளை மயிர் சால்வை போலத் தொங்குகிறது. கையைப் பாருங்கள் என்றார் வழிகாட்டி. கிளையைப் பிடித்திருந்த கையில் நான்கு விரல்தான், கட்டைவிரல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சிறு மேடு மட்டும். கட்டைவிரல் இல்லாமலே அது இருபது அடி தாண்டியது. பிறகு தலைக்குமேல் புஸ்புஸ் என்று நீராவி எஞ்சின் சத்தம். நிமிர்ந்தால் இருவாச்சி ஜோடி ஒன்று பறக்கிறது. வால்பாறையில் அந்த இறக்கைச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், இங்கே உள்ளது வேறு இனம், சத்தம் அதே சத்தம். நீல டுராக்கோ என்று ஒரு பறவை, மயில் நிறத்தை எடுத்து கோழிக்குப் பூசிய அளவில், கிளையில் பறக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஏரிக்கரைக்கு வந்தால் தண்ணீருக்கு மேல் புகை எழும்புவது போல் தெரியும். புகை இல்லை, ஏரிப்பூச்சி. கோடிக்கணக்கில் தூண் மாதிரி எழும்பும், கடிக்காது, ஆனால் காற்று நம் பக்கம் திரும்பினால் வாயை மூடிக்கொள்ளுங்கள். காலை நனைக்கலாமா என்று கேட்டதற்கு வழிகாட்டி வேண்டாம் என்றார், அவர் சொன்னது சரி. நத்தைகள் மூலம் பரவும் பில்ஹார்சியா நோய் இந்த ஏரியில் உண்டு.

இரண்டரை மணிக்கு வாசலுக்கு வந்தேன். கார் இல்லை. போன் போட்டேன், மணி அடித்தது, எடுக்கவில்லை. மூன்று மணிக்குப் போட்டபோது ஸ்விட்ச் ஆஃப்.

முதல் அரை மணி நேரம் கோபம். அடுத்த அரை மணி நேரம் சாக்குப் போக்குகளை நானே அவருக்காகக் கண்டுபிடித்தேன்: பங்கில் கூட்டம், டயர் பஞ்சர், சாப்பிடப் போயிருப்பார். நாலு மணிக்கு வயிற்றைப் பிசையத் தொடங்கியது. பெட்டியில் என்ன பெரிதாக இருக்கிறது, துணிதானே, தங்கைக்கு வாங்கிய இரண்டு கிட்டெங்கே துணி, கொஞ்சம் காபிக்கொட்டை, போனால் போகிறது, விமானத்தைப் பிடிப்போம் என்று முடிவெடுத்து, எதற்கும் ஒரு வார்த்தை என்று சென்னை டிராவல் ஏஜெண்டுக்குப் பேசினேன். அங்கே மாலை ஆறரை, நல்லவேளையாகக் கடையை மூடியிருக்கவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, “மேடம், எல்லோ ஃபீவர் கார்டு கையில இருக்குல்ல?”

இல்லை. பெட்டியில் இருந்தது.

“அப்ப பெட்டி இல்லாம வராதீங்க மேடம். ஆப்பிரிக்காவுல எல்லோ ஃபீவர் லிஸ்ட்ல இருக்கிற நாட்டுலேர்ந்து கார்டு இல்லாம வந்தா ஏர்போர்ட்லயே பிடிச்சு ஆறு நாள் வரைக்கும் தனியா வெச்சிருவாங்க. போட்டோவை நம்பி வராதீங்க. ஒரிஜினல் வேணும்.” விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது அட்டையை ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தேன், மெயிலில் படம் இருந்தது. அது உகாண்டா விசாவுக்குப் போதும், இந்தியாவுக்குள் திரும்ப உத்தரவாதம் இல்லை. நாம் இந்த ஊசியை உகாண்டா கேட்கிறது என்றுதான் போட்டுக்கொள்கிறோம். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் வரிசையில் நின்றபோது என் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். உண்மையில் இதில் கெடுபிடி அதிகம் நம் ஊர்தான். அந்த நோயைப் பரப்பக்கூடிய கொசு நம்மிடம் ஏராளம், நோய் மட்டும் இதுவரை இல்லை, உள்ளே விட்டுவிடக் கூடாது என்பது காரணம். நியாயமான காரணம்தான். அங்கேயே இன்னொரு ஊசி போட்டுக்கொள்ளலாமா என்றும் கேட்டேன். புது ஊசி போட்டால் பத்தாம் நாளிலிருந்துதான் அட்டை செல்லும் என்றார். ஆக, இதைப் படிக்கிறவர்கள் வேறெதையும் நினைவில் வைக்காவிட்டாலும் இதை வையுங்கள்: மஞ்சள் அட்டை பாஸ்போர்ட் உறைக்குள் இருக்கட்டும், பாஸ்போர்ட் எங்கே போகிறதோ அங்கே போகட்டும், வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் வரை.

ஐந்து மணிக்கு ஏரியின் மேல் கறுத்துக்கொண்டு வந்தது. விக்டோரியா ஏரிப் புயல்மழையைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன், பார்த்ததில்லை. பத்து நிமிடத்தில் வானம் கீழே இறங்கி, மின்னல் ஏரியில் இங்கொன்றும் அங்கொன்றுமாக இறங்கியது. வாசல் காவலாளியின் தகரக் கூண்டில் அவரும் நானும் வழிகாட்டிப் பையனும். லேப்டாப்பை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்துகொண்டேன். போனில் 11 சதவீதம். பவர் பேங்க், சொல்ல வேண்டுமா, பெட்டியில். அழுகை வந்தது. அந்நிய ஊர், பயம் என்பதைவிட, யாரிடமும் கோபப்படக்கூட முடியாத கையாலாகாத்தனம்தான். காவலாளி ஒன்றும் பேசாமல் தன் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினார்.

வேலை செய்தது அந்த வழிகாட்டிப் பையன்தான். காசு வாங்கிக்கொண்டபின் அவர் போயிருக்கலாம். “வண்டி நம்பர் என்ன?” என்றார். UB என்று தொடங்கும் என்பது மட்டும் நினைவிருந்தது. உகாண்டாவில் பாதிக் கார் அப்படித்தான் தொடங்கும். “அவருடைய இன்னொரு நம்பர்?” என்றார். இன்னொரு நம்பரா? அங்கே பெரும்பாலானவர்கள் எம்டிஎன் ஒன்று, ஏர்டெல் ஒன்று என்று இரண்டு வைத்திருப்பார்கள், ஒன்று அணைந்தால் மற்றது இருக்கும். நான் கேட்டு வாங்கியிருக்கவில்லை. கடைசியில் நான் தங்கியிருந்த இடத்துக்குப் போன் போட்டு, அங்கே வாசலில் நிற்கும் போடா-போடா ஸ்டேஜின் சேர்மனைப் பிடித்தார். போடா-போடா என்றால் பைக் டாக்சி. ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் ஒரு சேர்மன் உண்டு, அங்கே வண்டி நிறுத்துகிற ஒவ்வொருவரையும் அவருக்குத் தெரியும். லுகாண்டா மொழியில் ஐந்து நிமிடம் பேச்சு. போனை வைத்துவிட்டுச் சொன்னார்: “திருடவில்லை. கம்பாலாவில் இருக்கிறார். ஜாமில்.”

நடந்தது இதுதான். பெட்ரோல் போடப் போன இடத்தில் கம்பாலாவுக்கு ஒரு சவாரி கிடைத்திருக்கிறது. நான் தோட்டத்தில் மூன்று மணி நேரம் இருப்பேன், அதற்குள் போய்த் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை மதியத்துக்குமேல் கம்பாலாவுக்குள் போன வண்டி எப்போது வெளியே வரும் என்று கம்பாலாக்காரருக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் சவாரி சவாரிதான். மழை வேறு. போன் சார்ஜ் போனது உண்மையா, என் அழைப்புக்குப் பயந்து அணைத்தாரா, தெரியாது.

ஏழேகாலுக்கு வந்தார். “சாரி சிஸ்டர்” என்று ஒரு பத்துமுறை. பெட்டி இருந்தது, பூட்டுகூடத் திறக்கப்படவில்லை. திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்ததில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. ஏறி உட்கார்ந்து போங்கள் என்றேன். தோட்டத்திலிருந்து ஏர்போர்ட் சும்மா பத்து நிமிடம். ஆனால் எண்டெபி ஏர்போர்ட்டில் இன்னொன்று உண்டு, முன்பே சொன்னால் உதவும்: டெர்மினலுக்கு வெகு முன்னாலேயே ஒரு சோதனைச் சாவடி. காரிலிருந்து எல்லோரும் இறங்கி, வரிசையில் நின்று, சோதனை வழியே நடந்து, அந்தப் பக்கம் மறுபடி காரில் ஏறவேண்டும். பிறகு டெர்மினல் வாசலில் பெட்டிக்கு இன்னொரு ஸ்கேன். அவசரத்தில் இருப்பவர்களுக்கு இதற்கு மட்டும் அரை மணி நேரம். கவுண்டருக்கு வந்தபோது ஏழு ஐம்பது. மூடி இருபது நிமிடம் ஆகியிருந்தது.

மறுநாள் விமானத்துக்கு மாற்ற 150 டாலர் ஆனது. அன்றிரவு எண்டெபியில் ஒரு கெஸ்ட் ஹவுஸ், 1,40,000 ஷில்லிங். டாலரை மாற்றும்போது 2009-க்கு முந்தைய அச்சு என்று ஒரு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். பத்து, இருபது டாலர் நோட்டுக்கு நூறு டாலர் நோட்டைவிடக் குறைவான விலைதான் கிடைக்கும். எனவே புதிய அச்சு நூறு டாலர் நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள். கார் காசையும் சேர்த்தால் மொத்தம் 20,000 ரூபாய் சுமார். அதை எப்படியோ மறந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை காலை தாம்பரத்தில் தங்கையின் வளைகாப்பு. நான் சென்னையில் இறங்கியபோது பந்தி முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவள் இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள், சொல்லட்டும்.

அந்தக் கெஸ்ட் ஹவுஸில்தான் எல்லாம் எவ்வளவு சுலபமாக முடிந்திருக்கும் என்று புரிந்தது. சனிக்கிழமை காலை பெட்டியை வரவேற்பறையில் பூட்டி வைத்து ரசீது கொடுத்தார்கள். கையை வீசிக்கொண்டு நடந்தேன். விலங்கு மையத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவே இருபது நிமிட நடை, நிழலான சாலை. நடக்க முடியாவிட்டால் போடா-போடா, சில ஆயிரம் ஷில்லிங், ஹெல்மெட் கொடுப்பவரிடம் மட்டும் ஏறுங்கள். ஏர்போர்ட்டுக்கு வண்டி கெஸ்ட் ஹவுஸே ஏற்பாடு செய்தது. இந்த இரண்டு இடத்தையும் பார்க்கக் கம்பாலாவிலிருந்து நாள் முழுக்கக் கார் வைக்கத் தேவையே இல்லை. கடைசி இரவை எண்டெபிக்கு மாற்றிக்கொண்டால் போதும். அப்படி முடியாமல் கார் வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால், ஹோட்டலோ கம்பெனியோ பொறுப்பேற்கும் டிரைவராகப் பாருங்கள். ஏறும் முன் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள், அவர் கண் முன்னாலேயே. அவருடைய இரண்டு நம்பரையும் வாங்குங்கள். பெட்ரோல் போடவேண்டுமானால் நீங்கள் காரில் இருக்கும்போது பங்கில் கொடுங்கள். மார்ச் முதல் மே வரையிலும், செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரையிலும் மழைக்காலம், அந்த மாதங்களில் வெளியில் சுற்றுவதைக் காலைப்பொழுதிலேயே முடித்துக்கொள்ளுங்கள். உள்ளூர் சிம் ஒன்று வாங்குங்கள், பாஸ்போர்ட் காட்டினால் பதிவு செய்து தருவார்கள். அன்று அது இல்லாமல் இந்தியச் சிம்மின் ரோமிங்கில்தான் அவ்வளவும் பேசினேன், அந்த பில் தனி.

டிரைவர் அடுத்த நாள் மீதிக் காசு 80,000 கேட்டு மெசேஜ் அனுப்பினார். கணக்கு முடிக்காமல் விட எனக்கு வராது. எக்ஸ்பிரஸ்வே சுங்கத்துக்கும் ஏர்போர்ட் வரை ஓட்டியதற்கும் என்று 30,000 அனுப்பினேன், எதற்கு எவ்வளவு என்று எழுதி. ‘தேங்க் யூ சிஸ்டர், காட் பிளஸ்’ என்று வந்தது. வழிகாட்டிப் பையனுக்கும் தனியாகக் கொடுத்தேன், அது எவ்வளவு என்று ஆடிட்டில் காட்டவில்லை.

எண்டெபியில் இன்னும் ஒரு நாள் கையில் இருப்பவர்களுக்கு வேறு இரண்டு இடம். ஒன்று நகம்பா தீவு. படகில் ஏறக்குறைய 23 கிலோமீட்டர் ஏரிக்குள் போகவேண்டும். இறைச்சிக்காகத் தாயைக் கொன்றுவிட்டு விற்கப்பட்ட சிம்பன்சிக் குட்டிகளை 1998-லிருந்து அங்கே வைத்து வளர்க்கிறார்கள், சாப்பாடு போடும் நேரத்தில் மேடையிலிருந்து பார்க்கலாம். மற்றது மபாம்பா சதுப்பு நிலம். ஷூபிலைக் கூண்டுக்கு வெளியே, பாப்பிரஸ் புல்லுக்குள் படகில் போய்த் தேடுவது. விடிந்தும் விடியாமலும் போனால்தான் கண்ணில் படும். இரண்டையும் விமானம் ஏறுகிற நாளில் வைக்காதீர்கள். ஏரியில் அலை எழும்பினால் படகு நேரத்துக்குத் திரும்பாது, அதற்கு எந்த ஸ்டேஜ் சேர்மனும் பதில் சொல்ல முடியாது.